பரிசு மோசடியும் பொதுமக்கள் கடமையும்



அதிர்ஷ்டலாபச் சீட்டு நமது நாட்டுக்குப் புதியதன்று. தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின்படி அமைந்தது. அபிவிருத்தி லொத்தர் சபையும் அரசினுடையதே. இவற்றின் சீட்டுக்களைச் சந்தியிலும் கடைத்தெருவிலும் பேருந்து நிலையத்திலும் முகவர்கள் விற்கின்றனர். சீட்டு வாங்குவது நன்றா தீதா என்பது இன்றைய பேச்சின் பொருளன்று. சீட்டு வாங்காதவருக்கும் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் வஞ்சகத்தைப் பற்றியும், அது நம் காதுக்கு எட்டும்போது நாம் செய்ய வேண்டியது யாது என்பது பற்றியுமே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில் இவ்வஞ்சகம் நடைபெறும் முறையைப் பார்ப்போம். ஒரு நாள் தொலைபேசி ஒலிக்கின்றது. பேசுபவர் மிகுந்த மரியாதையோடு பேசுகின்றார். பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அதன் ஆண்டு விழாச் சீட்டிழுப்பில் உங்கள் தொலைபேசி இலக்கம் தெரிவு செய்யப்பட்டுள்ளது என்கின்றார். பரிசு 25 இலட்சம் ரூபா என்றோ, ஒரு மோட்டார் வாகனம் என்றோ கூறுகின்றார். அதனைப் பெறுவதற்கு முன்னர், பதிவுக் கட்டணமாகச் சில ஆயிரம் ரூபாவைக் கைத்தொலைபேசி வழியாக அனுப்பிவிட வேண்டும் என்கின்றார். அனுப்பியதும் வரி என்று மற்றொரு தொகை. அதன்பின் காப்புறுதி, அதன்பின் சுங்கத் தீர்வை, அதன்பின் சட்டத்தரணி கட்டணம். ஒவ்வொரு தொகையும் முன்னையதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஒவ்வொன்றும் கடைசித் தொகை என்றே சொல்லப்படும். முன்பு கொடுத்த பணம் வீணாகிவிடுமே என்னும் அச்சம், மேலும் கொடுக்கச் செய்கின்றது. பரிசின் மீதுள்ள ஆசையைக் காட்டிலும் இழந்ததை மீட்க வேண்டும் என்னும் தவிப்பே மனிதரை இக்கிடங்கில் ஆழத் தள்ளுகின்றது.

இதே வஞ்சகம் கடிதமாகவும் வருவதுண்டு, குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் வருவதுண்டு. ஸ்பெயின் நாட்டிலே 1812ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் அரசாங்க லொத்தரின் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்திய கடிதங்கள் உலகெங்கும் சென்றன. அந்நாட்டுச் சீட்டைக் கண்ணாலும் கண்டிராதவர்களுக்கு அதன் பரிசு விழுந்ததாக அவை கூறின.

உண்மையான பரிசையும் பொய்யான பரிசையும் வேறுபடுத்தி அறிய மூன்று கேள்விகள் போதும். நான் சீட்டு வாங்கினேனா? பரிசைத் தருவதற்கு முன் என்னிடம் பணம் கேட்கின்றார்களா? இதனை ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்கின்றார்களா? உண்மையான லொத்தரில், சீட்டை வைத்திருப்பவர் அதனைக் காட்டிப் பரிசைப் பெறுகின்றார். வரி ஏதேனும் உண்டாயின் அது பரிசுத் தொகையிலிருந்தே கழிக்கப்படும். வென்றவர் தமது மடியிலிருந்து முன்பணம் கட்டுவதில்லை. சீட்டிழுப்பின் பெறுபேறு பத்திரிகைகளில் வெளிவருவது. அதனை இரகசியமாக வைத்திருக்கும்படி எந்தச் சபையும் கேட்பதில்லை. இரகசியத்தை வேண்டி நிற்பது வஞ்சகம் ஒன்றே.

நேயர்களே, இவ்வித்தை இக்காலத்துக் கருவிகளால் தோன்றியது என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. பிரான்சு நாட்டிலே, முன்பு குற்றவாளியாய் இருந்து பின்பு பாரிசு நகரின் துப்பறியும் படைக்கே தலைவரான விடோக் என்பவர், 1828ஆம் ஆண்டில் தமது நினைவுக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கினார். அக்காலச் சிறைக் கைதிகள் செல்வர்களுக்கு எழுதிவந்த ஒரு வகைக் கடிதத்தைப் பற்றி அவர் அதிலே விவரிக்கின்றார். புரட்சிக்கு அஞ்சி ஓடிய பிரபு ஒருவரின் பணியாள் தாம் என்றும், ஓடும் வழியில் பொன்னும் மணியும் நிறைந்த பெட்டியொன்றை மறைத்து வைத்ததாகவும், அதனை மீட்பதற்குச் சிறிது பணம் வேண்டும் என்றும் அக்கடிதம் கூறும். பின்னாளிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடும் செல்வர் என்று சொல்லிக்கொண்டு இதே கடிதம் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. அதற்கும் பின்னர் நைஜீரியாவிலிருந்து வந்த கடிதங்கள், அந்நாட்டுக் குற்றவியற் சட்டத்தின் 419ஆம் பிரிவினால் பெயர் பெற்றன. பெட்டி போய்ப் புதையல் வந்தது. புதையல் போய் லொத்தர் வந்தது. முன்பணம் கேட்கும் முறை மட்டும் மாறவேயில்லை.

விடோக் தரும் ஒரு கணக்கை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அத்தகைய கடிதங்கள் நூறு அனுப்பப்பட்டால் அவற்றுள் இருபதுக்கு மறுமொழி வந்தது என்று அவர் எழுதுகின்றார். இதனை வாசிப்போர் பலரும் அந்த இருபது பேரை எண்ணி வியப்பர். மற்றைய எண்பது பேரை எண்ணிப் பார்ப்போர் அரியர். அவர்கள் ஏமாறவில்லை. கடிதத்தைக் கண்டு நகைத்திருப்பர்; கிழித்து எறிந்திருப்பர். ஆனால் அந்த எண்பது பேரின் கையிலும் வஞ்சகனுடைய கையெழுத்து இருந்தது. பணம் அனுப்ப வேண்டிய முகவரி இருந்தது. அவர்கள் அனைவரும் அதனை அதிகாரிகளிடம் சேர்ப்பித்திருந்தால் இருபது பேரில் எத்தனை பேர் தப்பியிருப்பர்!

இன்றும் நிலைமை இதுவே. பரிசு விழுந்தது என்னும் அழைப்பைப் பெற்றுச் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுபவர் நம்மிற் பலர். "நான் ஏமாறவில்லை, ஆகவே எனக்கென்ன?" என்று இருந்துவிடுகின்றோம். அடுத்த நிமிடமே அதே குரல் அயல் வீட்டு விதவைத் தாயை அழைக்கின்றது. முறைப்பாடு செய்வதற்கு மிகவும் பொருத்தமானவர் ஏமாறாதவரே. அவருக்கு இழப்பில்லை, வெட்கமில்லை, மனக்கலக்கமும் இல்லை. கேட்டதைக் கேட்டவாறே சொல்ல அவரால் முடியும்.

ஒருவருடைய முறைப்பாடு எவ்வளவு தூரம் செல்ல வல்லது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கின்றேன். அந்நாட்டின் வட டக்கோட்டா மாநிலத்திலே, எண்பது வயதைக் கடந்த விதவைப் பெண்மணி ஒருவருக்கு 2011ஆம் ஆண்டில் ஓர் அழைப்பு வந்தது. அவருக்கு ஒரு கோடியே 90 இலட்சம் டொலரும் ஒரு புதிய மோட்டார் வாகனமும் பரிசாக விழுந்திருப்பதாகவும், அதற்குரிய வரியையும் கட்டணங்களையும் முன்னதாகச் செலுத்த வேண்டும் என்றும் அழைத்தவர் கூறினார். அப்பெண்மணி தமது வாழ்நாட் சேமிப்பிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமான டொலரை இழந்தார். வேறொருவராயின் இதனை வெளியே சொல்லாமலே கண்மூடியிருக்கலாம். ஆனால் விடயம் அதிகாரிகளிடம் சென்றது. மத்திய புலனாய்வு அதிகாரிகள் அந்த ஒரு நூலிழையைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். அந்த இழை கரிபியன் கடலிலுள்ள ஜமேக்காத் தீவுக்கு அவர்களை இட்டுச் சென்றது. குறைந்தது 90 பேர், பெரும்பாலும் முதியோர், அக்கூட்டத்தாரிடம் 57 இலட்சம் டொலருக்கு மேல் இழந்திருந்தமை வெளிப்பட்டது. கூட்டத்தின் தலைவன் ஜமேக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றான்.

ஜமேக்காவின் கதையிலே இன்னொரு பாடமும் உண்டு. அங்கே மொன்டேகோ பே என்னும் நகரைச் சூழ்ந்து இத்தொழில் வளர்ந்தபோது, "பணம் இழப்பவர் அந்நிய நாட்டுச் செல்வர்தாமே" என்று உள்ளூரில் எண்ணியோரும் இருந்தனர். வஞ்சித்துப் பெற்ற பணம் நாளடைவில் துப்பாக்கியானது. முதியோரின் பெயர்ப் பட்டியல்களுக்காகக் கூட்டங்கள் ஒன்றையொன்று கொன்றன. 2013ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 2018ஆம் ஆண்டு தைமாதத்திலே, மொன்டேகோ பே அமைந்துள்ள பகுதியில் கொலைகள் பெருகியதால் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பிறர் வீட்டில்தானே தீ என்று பேசாதிருந்த ஊர், தன் கூரையும் பற்றி எரியக் கண்டது.

இனி, மக்கள் ஏன் முறைப்பாடு செய்யாதிருக்கின்றனர் என்பதைச் சிறிது ஆராய்வோம். முதற் காரணம் வெட்கம். நமது தமிழிலே "பேராசை பெருநட்டம்" என்று ஒரு பழமொழி உண்டு. நட்டம் நேர்வதற்கு முன் சொன்னால் அது நல்ல அறிவுரை. நேர்ந்த பின்பு சொன்னால் அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். அதனைச் சொல்லுவார்களே என்று அஞ்சித்தான் தகப்பன் பிள்ளைகளிடம் மறைக்கின்றார். மனைவி கணவனிடம் மறைக்கின்றாள். அந்த மறைவிலே வஞ்சகன் மேலும் மேலும் கேட்கின்றான். மேலும், ஏமாந்தவர் யாவரும் பேராசைக்காரர் என்பதும் உண்மையன்று. மகளின் திருமணச் செலவை நினைத்தவர் உண்டு. கடனை அடைக்க வழி காணாது தவித்தவர் உண்டு. நோயாளிக்கு மருந்து வாங்க எண்ணியவர் உண்டு. ஆசையைத் தூண்டுவதையே தொழிலாகப் பயின்ற ஒருவனிடம் அகப்பட்டவரை நாம் பழிக்கலாகாது. களவு கொடுத்தவர் தலை குனிவதும் கள்வன் தலை நிமிர்ந்து நடப்பதும் எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது காரணம், "சிறு தொகைதானே" என்னும் எண்ணம். 3,000 ரூபாவுக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு நடப்பதா என்று கேட்கின்றனர். வஞ்சகனின் கணக்கும் அதுவே. நூறு பேரிடம் 3,000 ரூபா பெற்றால் அது மூன்று இலட்சம். நூறு பேரும் வாளாவிருந்தால் ஒரு குற்றமும் நடவாதது போலவே தோன்றும்.

மூன்றாவது காரணம், பணம் கொடுக்காதவர் முறைப்பாடு செய்ய முடியாது என்னும் தவறான கருத்து. நமது தண்டனைச் சட்டக் கோவை 398ஆம் பிரிவிலே வஞ்சித்தல் என்னும் குற்றத்தை வரையறுக்கின்றது. வஞ்சித்துப் பிறர் பொருளைக் கைப்பற்றுவோருக்கு 403ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையை விதிக்கின்றது. அத்தகைய குற்றத்தைச் செய்ய முயல்வதும் சட்டத்தின் கண்ணிலே குற்றமே. ஆகவே, உங்களிடம் ஒரு சதமும் பெறாது தோற்றுப்போன வஞ்சகனைப் பற்றியும் நீங்கள் அறிவிக்கலாம்; அறிவித்தல் வேண்டும்.

அறிவிக்கும் முறை யாது? அழைப்பு வந்தவுடன் நீண்ட வாதத்தில் இறங்க வேண்டாம். அவனைப் பிடித்துவிடலாம் என்று எண்ணிப் பணம் அனுப்புவதாகப் பாசாங்கு செய்யவும் வேண்டாம். தொலைபேசியை வைத்துவிட்டு, நினைவு மங்குமுன் ஒரு தாளிலே நான்கு செய்திகளை எழுதுங்கள். அழைத்த இலக்கம், அழைத்த நாளும் நேரமும், எந்த நிறுவனத்தின் பெயரால் பேசினான் என்பது, பணத்தை எந்தக் கணக்கிலக்கத்துக்கு அல்லது எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அனுப்பும்படி சொன்னான் என்பது. இவற்றுள் கடைசிச் செய்தியே தலையாயது. பெயரும் குரலும் பொய்யாக இருக்கலாம். பணம் சென்று சேரும் இடம் பொய்யாக இருக்க முடியாது. குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்திருந்தால் அதனை அழித்துவிட வேண்டாம். கடிதமாயின் உறையையும் சேர்த்து வைத்திருங்கள்.

பணம் அனுப்பப்பட்டுவிட்டதாயின் முதலில் செல்ல வேண்டிய இடம் வங்கி. அல்லது கைத்தொலைபேசி வழிப் பணம் அனுப்பும் சேவையை நடத்தும் நிறுவனம். இங்கே நாழிகையும் பொருளே. பணம் மறுகணக்கிலிருந்து எடுக்கப்படுமுன் அறிவித்தால் அதனைத் தடுத்து வைக்க வாய்ப்புண்டு. மறுநாள் அவ்வாய்ப்பு அரிதாகிவிடும். வங்கி அட்டையின் இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வந்த ஒரு முறைக் கடவு எண்ணையோ சொல்லிவிட்டவர், அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு உடனே பேசி அதனை நிறுத்திவிட வேண்டும். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடற் சட்டத்தின்படி, சந்தேகத்துக்கிடமான கொடுக்கல் வாங்கல்களை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும் பொறுப்பு வங்கிகளுக்கு உண்டு. உங்கள் ஒரு சொல் அந்தச் சக்கரத்தைச் சுழலச் செய்யும்.

அடுத்து, அருகிலுள்ள பொலிஸ் நிலையம். நீங்கள் எழுதிய தாளையும் பற்றுச்சீட்டுக்களையும் கொண்டு செல்லுங்கள். உங்கள் முறைப்பாட்டைத் தமிழிலே செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. முறைப்பாட்டின் இலக்கத்தையும் நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வங்கியோடு பேசுவதற்கு அது உதவும். அவசர வேளையில் 119 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். கணினியும் இணையமும் சம்பந்தப்பட்டவற்றை ஆராயக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலே தனிப் பிரிவொன்று உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் நடைமுறையில் உள்ளது. இணைய வழி மோசடிகள் பற்றி ஆலோசனை பெற, இலங்கை சேர்ட் என வழங்கும் அமைப்பை 101 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். ஒரு நிறுவனத்தின் பெயரை வஞ்சகன் பயன்படுத்தியிருந்தால் அந்நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதன் நற்பெயரும் அங்கே களவு போயிருக்கின்றது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைக் கூறாது விடலாகாது. முதலாவது, இழந்த பணத்தை மீட்டுத் தருகின்றோம் என்று சொல்லிக்கொண்டு வருவோரைப் பற்றியது. ஏமாந்தவரின் பெயர் வஞ்சகரின் பட்டியலிலே தங்கிவிடுகின்றது. சில வாரம் சென்றபின், பொலிஸ் அதிகாரி போலவோ சட்டத்தரணி போலவோ வேறொரு குரல் அழைத்து, "உங்கள் பணம் கிடைத்துவிட்டது, அதனை விடுவிக்கச் சிறு கட்டணம் வேண்டும்" என்று கூறும். அது முதல் வலையின் மறுமுனையே. முறைப்பாட்டை விசாரிப்பதற்குப் பொலிசார் கட்டணம் கேட்பதில்லை.

இரண்டாவது எச்சரிக்கை நம் இளைஞருக்கானது. வஞ்சகர் தமது சொந்தக் கணக்கிலே பணத்தைப் பெறுவதில்லை. ஓர் ஏழை இளைஞனைக் கண்டு, "உனது வங்கிக் கணக்கையும் அட்டையையும் சில நாள் தா, மாதம் ஒரு தொகை தருகின்றேன்" என்பர். அல்லது அவனது தேசிய அடையாள அட்டையைக் கொண்டு தொலைபேசி இலக்கம் ஒன்றைப் பெற்றுக்கொள்வர். முறைப்பாடு வந்து விசாரணை தொடங்கும்போது, ஏட்டிலே இருப்பது அந்த இளைஞனின் பெயர். பணம் போன வழியில் அவன் மட்டும் நிற்பான், மற்றவர் மறைந்திருப்பர். அப்படித் தந்துவிட்ட இளைஞர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், வேறொருவரின் முறைப்பாடு வருமுன் தாமே வங்கிக்கும் பொலிசுக்கும் சென்று சொல்வதே அவருக்கு நல்லது.

"முறைப்பாடு செய்தால் பணம் திரும்புமா?" என்று நீங்கள் கேட்கலாம். பல வேளைகளில் திரும்புவதில்லை என்பதே நேர்மையான மறுமொழி. வட டக்கோட்டாப் பெண்மணியின் வழக்கிலே குற்றவாளி சிறை சென்றான். எனினும், போன சேமிப்பைச் சிறைத் தண்டனை மீட்டுத் தந்துவிடாது. ஆயின் அந்த அறிவிப்பால், அதே குரலின் அடுத்த அழைப்பை ஏற்கவிருந்த எத்தனையோ வீடுகள் காக்கப்பட்டன. கிணற்றில் விழுந்தவரைத் தூக்கியபின் கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவது, விழுந்தவருக்காகவன்று. இனி அவ்வழியே வருவோருக்காக.

ஆகவே நேயர்களே, இன்றிரவு உணவருந்தும்போது வீட்டிலுள்ள முதியோரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். "உங்களுக்கு இப்படி ஏதும் அழைப்பு வந்ததா?" என்று கேளுங்கள். வந்தது என்றால் கோபிக்காதீர்கள், நகைக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து அந்த நான்கு செய்திகளையும் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். மறுநாட் காலையில் அவரோடு கூடவே சென்று அத்தாளை உரிய இடத்தில் சேர்ப்பியுங்கள்.